லைட் வாங்கும் ஊர்

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆயா என் கதவைத் தட்டினார். கையில் ஒரு துண்டுச்சீட்டு.

"தம்பி, பேத்தி எழுதிக் குடுத்துட்டுப் போச்சு. இத மீட்டர்ல குத்தணுமாம். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ வந்து குத்து."

சீட்டில் இரண்டு வரிசை எண்கள். வரிசைக்கு இருபது. ஆயா வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன மீட்டர் முன்னால் நின்று, முதல் வரிசையைக் குத்தி முடித்ததும் தப்பு என்று சத்தம் போட்டது, பேத்தி எழுதிய 1-ஐ நான் 7 என்று படித்திருக்கிறேன், மறுபடி முதலிலிருந்து குத்தி, அப்புறம் இரண்டாவது வரிசை. மீட்டர் ஒரு முறை கீச்சிட்டு ஏற்றுக்கொண்டது. ஆயா விபூதி எடுத்து மீட்டருக்கே பூசிவிடுவார் போல ஒரு நிம்மதியோடு உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த்தில், ஆயா வீட்டின் பின்பக்கம் அவுட்பில்டிங் என்று சொல்லும் ஒற்றை அறையில். ஆப்பிரிக்க நாடுகளின் மின்சாரக் கொள்கையும் எரிசக்தி மாற்றமும்தான் என் ஆராய்ச்சி. ஊரில் கயத்தாறு பக்கம் யாரிடமாவது இதைச் சொன்னால் முதல் கேள்வி, "அங்க கரண்ட் இருக்கா?" என்பதுதான். மூன்று வருடமாகப் படித்து, கூட்டங்களுக்குப் போய், மெகாவாட் கணக்கில் பேசிப் பழகியவன், அந்த நாற்பது எண்களைக் குத்தும்வரை ஒரு ப்ரீபெய்டு மீட்டரைத் தொட்டதே இல்லை. மாத வாடகையோடு சேர்த்து கரண்டுக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான் எனக்கும் மின்சாரத்துக்கும் இருந்த உறவு. சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாற்பது எண்களின் கதை சுவையானது. இந்த வகை மீட்டர்களுக்கான குறியீட்டு முறை 1990களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிறகு உலகத் தரநிலை ஆனது. கடையில் காசு கொடுத்தால் இருபது இலக்க எண் ஒன்று அச்சாகி வரும், அதை மீட்டரில் குத்தினால் யூனிட் ஏறும். ஒரே எண்ணை இரண்டு தடவை குத்தி ஏமாற்றக் கூடாது அல்லவா, அதற்காக ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் அது விற்கப்பட்ட நேரம் ஒளிந்திருக்கும். 1993 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நிமிடம் என்பதுதான் அந்தக் கணக்கு. அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட். அதாவது 1,67,77,216 நிமிடங்கள். அந்த நிமிடங்கள் 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்துபோயின. அதற்குள் மீட்டரின் சாவியை, அதாவது உள்ளே இருக்கும் ரகசியக் குறியீட்டை, மாற்றாவிட்டால் அதன்பின் வாங்கும் எந்த எண்ணையும் மீட்டர் ஏற்காது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான மீட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் யாரோ ஒருவர் நின்று நாற்பது எண்களைக் குத்த வேண்டியிருந்தது. லாகோஸிலும் கம்பாலாவிலும் எத்தனை பேரன் பேத்திகள் துண்டுச்சீட்டு எழுதினார்களோ.

இந்தக் கெடு நெருங்கியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனம் எஸ்கொம் தன் பதிவில் இருக்கும் ப்ரீபெய்டு வீடுகளில் லட்சக்கணக்கானவை யூனிட் வாங்குவதே இல்லை என்று சொன்னது. 'ஜீரோ பையர்' என்று பெயர். மீட்டரைத் தாண்டி நேராக ஒயரை இழுத்தவர்கள். சுமார் 6,000 ராண்ட் அபராதத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வந்து சொல்லிவிடுங்கள் என்று மன்னிப்புக் காலம்கூட அறிவித்தார்கள். திருட்டு இணைப்புக்கு இங்கே சுலு மொழியில் 'இஸிஞோகா' என்று பெயர், பாம்புகள் என்று அர்த்தம். தரையில் நெளிந்து கிடக்கும் ஒயரைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும், மழை நாளில் பயமாகவும் இருக்கும்.

சாட்ஸ்வர்த்தில் யாரும் "மின்சாரம்" என்று சொல்வதில்லை. தமிழ் பேசும் பெரியவர்களும் சரி, ஆங்கிலத்துக்கே மாறிவிட்ட அடுத்த தலைமுறையும் சரி, "லைட்" என்பார்கள். லைட் வாங்கணும், லைட் தீந்துபோச்சு, லைட்டுக்குக் காசு இல்ல. சுலுவில் 'உகேசி', கேஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கென்யாவில் 'ஸ்டீமா'. தான்சானியாவில் 'உமெமெ', அதே சொல்தான் அங்கே மின்னலுக்கும். கானாவில் மின்வெட்டுக்கு 'டும்சோர்' என்று பெயர், அணை-ஏற்று என்று பொருள், 2012 முதல் சில வருடங்கள் அந்த நாட்டு அரசியலே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் ஓடியது. நைஜீரியாவில் கரண்ட் திரும்பி வந்தால் தெருவே "அப் நெப்பா!" என்று கத்தும். நெப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். அந்த வாரியம் 2005இலேயே பெயர் மாறி, 2013இல் துண்டு துண்டாகத் தனியாருக்குப் போய்விட்டது, கத்தல் மட்டும் மாறவில்லை. 2012இல் எங்கள் தெருப் பையன்கள் ராத்திரி "வந்துருச்சேய்!" என்று கத்தியதை நினைத்துக்கொண்டேன். அந்த வருடம் எங்கள் ஊரில் பாதி நாள் கரண்ட் கிடையாது, வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் காற்றாலைகள் மட்டும் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் தலைக்கு மேல் உற்பத்தியாகி எங்களைத் தாண்டிப் போகும் மின்சாரம் என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான், பின்னால் என்னை இந்த ஆராய்ச்சிக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலைகளைப் பற்றிப் படித்தபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கதை போல இருந்தது. 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017இல் எல்லாம் நட்டு முடித்தாகிவிட்டது, ஆனால் 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டிய மின்பாதை தயாராகவில்லை. காற்று அடித்தது, ஆலை நின்றது, தாமதத்துக்கான இழப்பீடு கென்யர்கள் தலையில் விழுந்தது. 2018இல்தான் மின்பாதை முடிந்தது. இன்றும் அந்த உயர் அழுத்தப் பாதை சுற்றியுள்ள கிராமங்களின் மேலாகத் தெற்கே போகிறது. நிலம் வளைத்த விதமே முறைகேடு என்று மேரு நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. கென்யாவைக் குறை சொல்லியே பேச வேண்டியதில்லை, அந்த நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருகிறது, ஓல்காரியாவில் பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியே கிட்டத்தட்ட பாதி. நிலக்கரி இல்லாமல் ஒரு நாடு ஓடும் என்பதற்கு ஐரோப்பா வரை போக வேண்டாம்.

காங்கோவின் கதை இதைவிடக் கொடுமை. இங்கா அருவிப் பகுதியில் முழுசாக அணை கட்டினால் 40,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று என் அப்பா பிறப்பதற்கு முன்னாலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியது இரண்டு அணைகள், 1972இலும் 1982இலும். அங்கிருந்து கட்டங்காவின் செப்புச் சுரங்கங்களுக்கு 1,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்பாதை இழுத்தார்கள். வழியில் உள்ள ஊர்களுக்கு ஒரு பல்பு எரியவில்லை. நேர்மின்னோட்டப் பாதையிலிருந்து வழியில் கிளை எடுப்பது செலவான வேலை என்பது தொழில்நுட்பக் காரணம். அந்த வகைப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்கு என்ன காரணம் என்பது வேறு கேள்வி.

சரி, தென்னாப்பிரிக்காவுக்கே வருவோம்.

இந்த நாட்டின் லோட் ஷெடிங்கை, பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை, இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ திடீர் விபத்து போல நினைக்கிறார்கள். 1998இல் அரசாங்கமே வெளியிட்ட எரிசக்திக் கொள்கை அறிக்கை, புதிய மின் நிலையம் கட்டாவிட்டால் 2007 வாக்கில் பற்றாக்குறை வரும் என்று எழுதிவைத்தது. கட்டவில்லை. 2007 கடைசியில் சொல்லிவைத்தது போல விளக்கு அணைந்தது. எஸ்கொம் சொன்னதுதான் சரி, நாங்கள்தான் தவறு செய்தோம் என்று அன்றைய அதிபர் தாபோ இம்பெக்கி மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு மெடுப்பி, குசிலே என்று ஆளுக்கு 4,800 மெகாவாட் அளவில் இரண்டு ராட்சத அனல்மின் நிலையங்களைத் தொடங்கி, வருடக்கணக்கில் இழுத்து, ஊழலில் ஊறவைத்து, கட்டினதும் பழுதாகி... 2023இல் முந்நூறுக்கும் மேற்பட்ட நாட்கள் லோட் ஷெடிங். மின்சாரத்துக்கென்றே தனி அமைச்சர் போட்டார்கள். 2024 மார்ச் கடைசியில் நின்றது, பத்து மாதம் மூச்சே விடாமல் இருந்துவிட்டு 2025 ஜனவரி 31 அன்று திரும்பி வந்து எல்லோருக்கும் நெஞ்சு படபடத்தது.

லோட் ஷெடிங் நின்ற அந்த மாதங்களில்தான் ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பினேன். தெரு முழுக்க வெளிச்சம், ஆயா வீடு மட்டும் இருட்டு. வாசலில் உட்கார்ந்திருந்தார். ஃபியூஸா, டிரிப்பா என்று கேட்டால், "இல்ல தம்பி, லைட் தீந்துபோச்சு. பென்ஷன் வெள்ளிக்கிழமதான்." அன்று செவ்வாய்.

நான் உடனே போனை எடுத்தேன், இப்பவே வாங்கித்தருகிறேன் என்று. ஆயா விடவில்லை. "வருஷம் பூரா நீ வாங்குவியா?" என்றார். அப்புறம் சொன்னதுதான் என் ஆராய்ச்சியையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. "லோட் ஷெடிங்கு நல்லதுப்பா. தெருவே இருட்டா இருக்கும், எல்லாரும் வெளிய வந்து பேசுவாங்க. மீட்டர் தீந்தா நம்ம வூடு மட்டும் இருட்டு. யாராச்சும் பாத்துடுவாங்கன்னு கதவச் சாத்திக்கணும்."

லோட் ஷெடிங்குக்குக் கணக்கு இருக்கிறது. எந்த நாள், எந்தப் பகுதி, எந்த நிலை, எத்தனை மணி நேரம் என்று செயலியில் வரும், நாளிதழில் வரும், பொருளாதாரத்துக்கு எவ்வளவு நட்டம் என்று பேராசிரியர்கள் எழுதுவார்கள். ஆயா வீட்டில் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நடந்தது மின்வெட்டா இல்லையா? ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்தது, பேத்தி மெழுகுவத்தியில் படித்தாள். ஆனால் எந்தப் புள்ளிவிவரத்திலும் அது கிடையாது. அரசாங்கக் கணக்கில் ஆயா 'மின் இணைப்பு உள்ள வீடு'. அவருக்குக் கரண்டை யாரும் துண்டிக்கவில்லை, அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இது ஏதோ சதி என்று சொல்ல மாட்டேன். வரலாறு கொஞ்சம் சிக்கலானது. 1980களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வாடகையும் கட்டணமும் கட்ட மாட்டோம் என்று நிறவெறி அரசுக்கு எதிராக நடந்த புறக்கணிப்பு ஒரு நியாயமான போராட்டம். 1994இல் ஆட்சி மாறிய பிறகு புதிய அரசு வீடுகளுக்குக் கரண்ட் கொடுப்பதை ஒரு வெறியோடு செய்தது, ஐந்தாறு வருடத்தில் 25 லட்சம் புதிய இணைப்புகள். உலகத்திலேயே இவ்வளவு வேகமாகச் செய்த நாடுகள் கொஞ்சம்தான். ரீடிங் எடுக்க ஆள் வேண்டாம், பில் அனுப்ப வேண்டாம், நிலுவை என்ற பேச்சே இல்லை என்பதால் அந்த இணைப்புகளில் பெரும்பாலானவை ப்ரீபெய்டு மீட்டரோடுதான் போயின. கொடுத்தவர்களுக்கும் வசதி, வாங்கியவர்கள் பலருக்கும் வசதி. பில் கட்டாமல் கடன் ஏறிக் கழுத்தை நெரிக்காது என்பதும் உண்மைதானே. ஃபியூஸ் பிடுங்கும் ஆளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்த ஆளின் வேலையை இப்போது நம் சட்டைப்பையே செய்துவிடுகிறது.

நைஜீரியாவில் இதே மீட்டருக்காக மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மதிப்பீட்டில் பில் வரும், 'கிரேசி பில்' என்றே பெயர். வராத கரண்டுக்குக் கட்டணம். இருபது கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டின் மின்தொகுப்பு பெரும்பாலும் 4,000, 5,000 மெகாவாட்டில் திணறிக்கொண்டிருக்கிறது, நம் தமிழ்நாட்டின் கோடை உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்பதோடு ஒப்பிட்டால் அதன் அளவு புரியும். மிச்சத்தை ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். மிகச் சின்ன ஜெனரேட்டருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர், 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்'. 2024 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் கரண்ட் கிடைக்கும் பகுதிகளை 'ஏ பேண்ட்' என்று பிரித்து, யூனிட் 68 நைரா அளவில் இருந்ததை 225 ஆக்கினார்கள். கரண்ட் அதிகம் வரும் தெருவில் இருப்பதே ஒரு செலவு.

சாம்பியாவில் வேறு மாதிரி. அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து. 2024 வறட்சியில் கரிபா அணை வற்றி, சில இடங்களில் ஒரு நாளைக்கு 21 மணி நேரம்வரை கரண்ட் இல்லை. மாநாட்டில் சந்தித்த லுசாகா நண்பர் ஒருவர் சொன்னார்: "மீட்டரில் யூனிட் இருக்கிறது. அதைச் செலவு செய்யத்தான் முடியவில்லை." ஆயாவின் பிரச்சினைக்கு நேர் எதிர். இரண்டு பேர் வீடும் இருட்டு.

இதற்கு நடுவில் 'எரிசக்தி மாற்றம்' என்று நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது என்ன? தென்னாப்பிரிக்காவில் பெரிய மாற்றம் அரசாங்கத் திட்டத்தில் நடக்கவில்லை, கூரைமேல் நடந்தது. எஸ்கொம் மதிப்பீட்டின்படி 2022 மார்ச்சில் 1,000 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த கூரை சோலார், 2023 நடுவில் 4,400 மெகாவாட். பதினைந்து மாதத்தில் நாலு மடங்குக்கு மேல். லோட் ஷெடிங் தாங்காமல் மக்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது. பேனல் வாங்கினால் 15,000 ராண்ட் வரை வரிச்சலுகை என்று அரசும் 2023இல் ஒரு வருடம் கொடுத்தது. வருமான வரி கட்டுகிறவனுக்குத்தான் வரிச்சலுகை கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வசதியானவர்கள் இருக்கும் உம்ஷ்லங்கா பக்கம் மேட்டில் நின்று பார்த்தால் கூரையெல்லாம் நீலமாக மின்னும். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இரண்டே வீடு. ஒன்று டாக்டர் வீடு.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கார்பன் கணக்கில் அது லாபம்தான், லோட் ஷெடிங் குறைந்ததற்கும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் நிறைய யூனிட் வாங்கி நல்ல காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் விலகிப் போகும்போது, கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. எஸ்கொம் கட்டணம் 2023இல் 18.65 சதவீதம் ஏறியது, 2024இல் 12.7, 2025இல் மறுபடி 12.7. ஜோகன்னஸ்பர்க் மாநகரம் 2024 ஜூலையில் ப்ரீபெய்டு வீடுகள்மீதும் மாதம் 200 ராண்ட் நிலைக்கட்டணம் போட்டது. ஒரு யூனிட் எரிப்பதற்கு முன்பே 200 ராண்ட் போனது. டர்பனில் இப்போது நூறு ராண்டுக்கு நாற்பது யூனிட்கூட வராது. ஆயாவின் முதியோர் உதவித்தொகை 2024 கடைசியில் சுமார் 2,200 ராண்ட், அதில் இரண்டு வாய் சாப்பிட்டது.

ஏழைகளுக்கு இலவச மின்சாரம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, 2003இலிருந்து. மாதம் 50 யூனிட். நம் ஊரில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கணக்குப் போட்டால் அதே 50தான். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனால் நம் ஊரில் அம்பானிக்கு வீடு இருந்தாலும் அந்த 100 யூனிட் கிடைக்கும், அதனால் ஏழைக்கும் தவறாமல் கிடைக்கிறது. இங்கே ஏழை என்று விண்ணப்பித்து, பத்திரம் காட்டி, பட்டியலில் பெயர் ஏற வேண்டும். தகுதி உள்ள பலருக்கு அது வந்து சேருவதே இல்லை. ஆயாவோடு நானும் ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை படிவம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை வீட்டுப் பத்திரம் இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது என்றார்கள், தாத்தா போய்ப் பதினோரு வருடம். மூன்றாம் தடவை 'சிஸ்டம் டவுன்'. நாலாம் தடவை போகலாம் என்றால் ஆயா, "மாரியம்மனுக்குக் கஞ்சி காச்சுற மாசம் முடியட்டும்" என்கிறார்.

அந்தத் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து நியூகாசில் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். 1913இல் மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தூண்டிவிட்டது டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடு கூட வந்தார். சுரங்க வளாகத்தையே சிறையாக அறிவித்து, பிடித்தவர்களை அங்கேயே அடைத்து நிலக்கரி வெட்டவைத்தது அரசு. ஆயாவின் கணவர் குடும்பத்தில் அந்தக் கதையில் ஒரு வரிதான் மிச்சம்: "கரி வெட்ட மாட்டேன்னு உக்காந்தாங்களாம்."

அந்த வரி நினைவில் இருந்ததால்தானோ என்னவோ, இம்புமலங்கா மாகாணத்தின் கொமாட்டிக்குப் போனபோது எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. 1961இல் தொடங்கிய அனல்மின் நிலையம், 2022 அக்டோபர் 31 அன்று கடைசி யூனிட்டை நிறுத்தினார்கள். உலக வங்கி 49.7 கோடி டாலர் தருகிறது, சோலார், காற்றாலை, பேட்டரி எல்லாம் வரும் என்று அறிவித்தார்கள். கிளாஸ்கோ மாநாட்டில் 2021இல் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தார்களே, அந்தப் பேச்சுக்கெல்லாம் காட்சிப்பொருள் கொமாட்டிதான். அந்த 850 கோடியில் பெரும்பகுதி கடன் என்பது சின்ன எழுத்தில் இருக்கும், 2025இல் அமெரிக்கா விலகியும் போய்விட்டது. நான் போன அன்று மின் நிலையத்தின் வாசலுக்கு எதிரே ஒரு அம்மா மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். முன்பு ஷிப்டு முடிந்து வரும் ஆட்களே போதுமாம், மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடுமாம். "இப்போ உன்னை மாதிரி ஆராய்ச்சிக்காரங்கதான் வாங்குறாங்க" என்றார். இரண்டு வாங்கினேன், வேறென்ன செய்ய.

இப்போது எங்கள் துறையில் எல்லோர் வாயிலும் இருப்பது 'மிஷன் 300'. உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2030க்குள் 30 கோடி பேருக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டம். சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் கரண்ட் இல்லாமல் இருக்கிறார்கள், அதில் பாதி. நல்ல இலக்கு, கிண்டல் செய்ய மனம் வரவில்லை. ஆனால் இணைப்புக் கொடுத்ததும் ஒரு டிக் அடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களே என்ற பயம். கென்யா 2015இல் இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000 ஆகக் குறைத்து லட்சக்கணக்கான வீடுகளைச் சேர்த்தது, அந்த வீடுகளில் பல மாதத்துக்கு ஒரு சில யூனிட்தான் எரிக்கின்றன. இதை யாரும் யோசிக்கவில்லை என்றில்லை. உலக வங்கியே 2015 முதல் மின்சார அணுகலை வெறும் உண்டு-இல்லை என்று பார்க்காமல் எத்தனை மணி நேரம், எவ்வளவு விலை என்று படிநிலை வைத்து அளக்கும் முறை வைத்திருக்கிறது. மாநாட்டு மேடையில் சொல்லும் எண் மட்டும் எப்போதும் இணைப்பு எண்தான்.

ப்ரீபெய்டு மீட்டர் எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். யார் எப்போது எவ்வளவு வாங்கினார்கள் என்ற விற்பனைப் பதிவு முழுக்க இருக்கிறது. பெயர், முகவரி எதுவும் வேண்டாம், வெறும் தேதியும் யூனிட்டும் கொடுங்கள் என்று ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டேன். எட்டு மாதம், பதினாலு மின்னஞ்சல். கடைசியில் வந்த பதில் என் விண்ணப்பத்தை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று பரிசீலிக்கிறார்களாம். நம் ஊரில் இப்போது ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்று பேசுகிறார்கள் அல்லவா, நண்பர்களே, பில்லுக்குப் பதில் முன்பணம் என்று எந்த வடிவத்தில் வந்தாலும் காலியாகக் கிடக்கும் நாளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் என் கதிதான்.

அந்தப் பதில் வந்த அன்று கோபத்தில் டக்ஷாப் என்னும் பெட்டிக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆயாவிடம் கொடுத்தேன். லைட் தீர்ந்தால் தேதி, வாங்கினால் தேதி, வேறு எதுவும் எழுத வேண்டாம். பேத்தி எழுதித் தருவாள் என்று நினைத்தேன். ஆயா தானே எழுதுகிறேன் என்றார். சின்ன வயதில் கோயிலில் சாயங்கால வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தவர். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து குடும்பத்தோடு இங்கே பெயர்த்து அனுப்பப்பட்ட பிறகு எழுதவே இல்லையாம், அறுபது வருடம் இருக்கும்.

போன வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் பதினேழு நாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நடுங்கும் கையெழுத்தில் "லைட் இல". எல்லா இடத்திலும் அப்படியே, "இல". நான் ஒன்றும் சொல்லவில்லை, எக்செல்லில் ஏற்றுவதற்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திருப்பி வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இல்லன்றதுக்கு ஒரு ல-வா, ரெண்டு ல-வா?"